மூன்றாவது பிளக்

எங்கள் வேனில் டிரைவர் சீட்டுக்கு இடது பக்கத்துச் சீட்டு என்னுடையது. இந்த மாதிரி வேனில் இன்ஜின் மூக்குப் பக்கம் இருக்காது. முன் சீட்டுகளுக்கு அடியில்தான் உட்கார்ந்திருக்கும். சீட்டைத் தூக்கினால் இன்ஜின். வெயில் காலத்தில் அந்தச் சூடு குஷனையும் சேலையையும் தாண்டி மேலே ஏறும். என் கணவர் ஓட்டுவார். நான் பிள்ளைகளை ஏற்றி இறக்குவேன், பை வாங்கி அடுக்குவேன், வாந்தி எடுத்தால் துடைப்பேன், அடித்துக்கொண்டால் இடம் மாற்றி உட்காரவைப்பேன். மூலக்குளத்தில் வீடு வீடாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் ரோடு வழியாக டவுனுக்குள் இருக்கும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவோம். மாலையில் திரும்பக் கூட்டிவருவோம். எங்கள் இருவருக்கும் இதுதான் பிழைப்பு.

வேன் வாங்குவதற்கு முன்னால் அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது "இன்னா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் "ஃபிட்டரு" என்றுதான் முதலில் சொல்வார். வேன் ஓட்டுவதை அதற்குப் பிறகுதான் சொல்வார். எங்கள் வீட்டுக் குழாயோ மிக்ஸியோ ஃபேனோ வெளியாள் கைக்குப் போனது கிடையாது. வேனுக்கும் ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டைத் தூக்கிவிடுவார். பெரிய வேலை வந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் போவோம்.

அது முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. எல்லாப் பிள்ளைகளும் ஏறியாகிவிட்டது. ரெட்டியார்பாளையத்தைத் தாண்டும்போது ரோட்டில் கூட்டம் அதிகம். பின்னால் ஒரு பையன் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான். நான் பாதி திரும்பி, தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாத ஒரு குட்டிக்குத் திறந்துகொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் சீட்டுக்கு அடியில் வெடித்தது.

வெடித்தது என்றுதான் சொல்ல வருகிறது. சம்மட்டியால் அடியிலிருந்து ஒருவர் ஓங்கி அடித்த மாதிரி சீட்டு என்னைத் தூக்கிப் போட்டது. பாட்டில் கையிலிருந்து எங்கோ போயிற்று. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அந்த அடைப்புக்குள்ளேயே கீழிருந்து 'டப் டப் டப்' என்று ஒரு சத்தம், கணுக்காலில் சூடான காற்று, பெட்ரோல் வாசனை. பிள்ளைகள் வாயைத் திறந்திருப்பது தெரிந்தது. அலறுகிறார்கள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் காதில் விழுந்தது.

அவர் வண்டியை ஓரம் கட்டி ஆஃப் செய்துவிட்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, யாரும் பயப்படாதீங்க" என்றார்.

எங்கள் வேனில் பெட்ரோலோடு கேஸும் உண்டு. சிலிண்டர் பின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. பின்னால் பைக்கில் வந்த ஒருவருக்கு அது தெரிந்திருக்கிறது. "கேஸ் வண்டிம்மா! புள்ளைங்கள எறக்கு, புள்ளைங்கள எறக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து பக்கவாட்டுக் கதவை இழுத்தார். அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. யார் கை, யார் பை என்று பார்க்காமல் இழுத்து இழுத்து வெளியே விட்டேன். டீக்கடைக்காரர் வந்தார், டைல்ஸ் கடையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினோம். என் ஒரு கால் செருப்பு வேனுக்குள்ளேயே கிடந்தது. தார் ரோட்டில் வெறுங்காலோடு நிற்கிறேன் என்பதே தெரியவில்லை.

தீப்பிடிக்கவில்லை. புகைகூட வரவில்லை. டைல்ஸ் கடை வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துத் தலை எண்ணினேன்.

ஒன்று குறைந்தது.

மறுபடி எண்ணினேன். எண்ணும்போதே யார் இல்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பெண். கடைசி சீட்டில் ஜன்னலோரம்தான் உட்காருவாள். இரட்டைச் சடை, பச்சை ரிப்பன், அதிகம் பேசமாட்டாள். வேனுக்கு ஓடினேன். உள்ளே இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். இல்லை. அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. "நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் போறேன்" என்று டவுன் பக்கமாக ஓடினார்.

நான் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தேன். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. பிள்ளை குறுக்கே ஓடியிருந்தால் என்ற நினைப்பு வந்தது. வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்தேன். மருந்துக் கடையில் கேட்டேன். இட்லிக் கடையில் கேட்டேன். "ஸ்கூல் யூனிபார்ம், நீலக் கலர், ரெட்டை ஜடை, பாத்தீங்களா?" எல்லோரும் இல்லை என்றார்கள். ஒரு வீட்டுக் கேட்டின் படியில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பிள்ளை தலை வாராமல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனேன். தெருக்கோடி வரை போய்விட்டு, அழுதுகொண்டே திரும்பி வரும்போதும் அந்தப் பிள்ளையைத் தாண்டித்தான் வந்தேன். போன் கையில் இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா நம்பரை எடுத்துவைத்திருந்தேன். அழுத்தத்தான் தைரியம் வரவில்லை.

"யாரத் தேடறீங்க?" என்று அந்தக் கேட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள். இடுப்பில் ஈரத்துணி இருந்தது.

"ஸ்கூல் யூனிபார்ம்ல ஒரு பொண்ணு..."

"ஐயோ, இவளா பாருங்க" என்று அந்தப் பெண் படியைக் காட்டினாள்.

மஞ்சள் கவுன் நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அவள்தான்.

வெடிச் சத்தத்தில் பயந்து அந்தக் குழந்தை உடையிலேயே சிறுநீர் போயிருக்கிறாள். கதவு திறந்ததும் இறங்கி, கூட்டத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் அந்தத் தெருவுக்குள் ஓடியிருக்கிறாள். வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தவளை அந்தப் பெண் உள்ளே கூட்டிப்போய்க் கழுவி, தன் மகளின் கவுனைப் போட்டுவிட்டு, நனைந்த சடையையும் அவிழ்த்துவிட்டு, கையில் பிஸ்கட் கொடுத்து வெளியே உட்காரவைத்திருக்கிறாள். "எந்த ஸ்கூல்னு கேட்டா வாயே தொறக்கல. யூனிபார்ம அலசிப் போட்டுட்டு, ரோட்டுப் பக்கம் போய் யாரையாவது கேக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில், தினமும் நான் தூக்கி ஏற்றி இறக்கும் முகம். என் கண்கள் நீலக் கலரை மட்டும் தேடியிருக்கின்றன. குழந்தையைக் கட்டிக்கொண்டேன். அவள் விறைப்பாக இருந்தாள். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு ஆட்டோ பிடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். மஞ்சள் கவுனோடு அவளையும்தான். ஆயாம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, ஈர யூனிபார்ம் இருந்த பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் வழக்கமான மெக்கானிக் அன்று வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். ஒரு டெம்போவில் கயிறு கட்டி இழுத்து, பக்கத்தில் இருந்த தெரியாத ஒரு பட்டறையில் வேனைப் போட்டிருந்தார் என் கணவர். நான் போனபோது அந்த மெக்கானிக் என் சீட்டைத் தூக்கி வெளியே வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்பு வலிக்குப் பட்டை கட்டியிருந்தார். குனியும்போதெல்லாம் முனகினார்.

"பயப்படாதீங்கக்கா. கேஸெல்லாம் இல்ல, பிளக்தான். மூணாவது பிளக் பறந்துடுச்சு" என்றார்.

பிளக் எப்படிப் பறக்கும் என்று கேட்டேன். பிளக்கை எடுத்துக் காட்டினார். அதன் கழுத்தைச் சுற்றித் திருகு வரிகளாக மரை இருக்கிறது. இன்ஜினின் தலையில் அதற்குப் பொருத்தமாக ஓட்டைக்குள் மரை இருக்கிறது. பிளக் இரும்பு, தலை அலுமினியம். பிளக்கைக் கோணலாக வைத்து முறுக்கிவிட்டால் இரும்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். மரை போனபிறகு பிளக்கைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. உள்ளே வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, ஒருநாள் தோட்டா மாதிரி கிளம்பிவிடும். "உங்க சீட்டு அடித் தகட்டப் பாருங்க" என்றார். தகட்டில் கோழிமுட்டை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. தகடு மெல்லியதாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன்.

"இதுல கடைசியா யாரு கை வெச்சது?" என்று மெக்கானிக் கேட்டார்.

என் கணவர் பட்டறை வாசலில் டயர்கள் அடுக்கியிருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் மெல்லிய கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டு எதையோ கிளறி எடுத்தார். பாதி கருகி, பாதி இன்னும் பளபளவென்று இருந்த ஒரு துண்டு ஜிகினாக் காகிதம். உள்ளங்கையில் வைத்து விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா வேலைய? மரை போனது தெரிஞ்சிருக்கு. இதச் சுத்தி இறுக்கி உள்ள வுட்டிருக்கான். எவனோ மரை கழண்ட பய. புள்ளைங்க போற வண்டிக்கா..."

அவர் பேசிக்கொண்டே போனார். எனக்குக் கேட்கவில்லை. அந்தத் துண்டின் ஓரத்தில் ரோஸ் கலரில் எழுத்து இருந்தது. அது என் பிரஷர் மாத்திரையின் அட்டை. தினமும் காலையில் கிழித்துப் போட்டுக்கொள்கிறேன், எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாளுக்கு முன்னால் மாத்திரை எல்லாம் அட்டை இல்லாமல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "நீ தெனம் கிழிக்கக் கஷ்டப்படறியேன்னு பிரிச்சு வெச்சேன்" என்று சொல்லியிருந்தார். அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் அவர் சொன்ன "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே கேஸ் என்று கத்தும்போது, பிள்ளைகள் அலறும்போது, ஒன்றுமில்லை என்று இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? எனக்குத் தைரியம் சொல்கிறார் என்றல்லவா நினைத்தேன்.

வெளியே வந்தேன். பின்னாலேயே வந்தார்.

"எப்பத்துலேருந்து?" என்றேன்.

"போன மாசம். பிளக் மாத்தும்போது. கொஞ்சம் கோணயா பூந்துடுச்சு, நான் கவனிக்காம முறுக்கிட்டேன்."

"தெரிஞ்சிதான் ஓட்டினீங்களா?"

"பரீட்ச முடியற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். லீவுல சரி பண்ணிடலாம்னு..."

"தெரிஞ்சிதான் என்ன அது மேல உக்கார வெச்சீங்களா?"

அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் ஃபிட்டருடி. மரை போட்டுச் சாப்ட்டவன். ஒரு பிளக் மரையக் கெடுத்துட்டேன்னு எவன் பட்டறையில போய் நின்னு சொல்வேன்?"

கோபம்கூட வரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேனில் ஒரு பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து திட்டுகிற மனிதர் அவர். அந்த மனிதரும் இந்த மனிதரும் ஒரே ஆள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

அன்று மாலை ஆட்டோவில் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவரப் போனேன். அந்தப் பெண் பிள்ளை அங்கே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் போய், அவளுடைய அம்மாவே மதியம் வந்து கூட்டிப்போயிருந்தாள். மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அன்றைக்கும் "வாங்கக்கா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்லி, தேடியதைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். மாத்திரை அட்டையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள்.

"வண்டின்னா ரிப்பேர் ஆவறதுதான். அத நான் கேக்கலக்கா" என்றாள். "ஆனா இவ ஒண்ணு சொல்றா. ஆன்ட்டி என்னப் பாத்தாங்க, பாத்துட்டுப் போய்ட்டாங்க. திரும்பி வந்தும் பாத்தாங்க, அப்பவும் கூப்பிடல. நான் யூரின் போய்ட்டேன்ல, அதான் புடிக்கலன்னு சொல்றா. நெசமாக்கா?"

கதவுக்குப் பின்னால் குழந்தை நின்றுகொண்டிருந்தாள். காலையில் கட்டிக்கொண்டபோது அவள் ஏன் விறைத்து நின்றாள் என்பது புரிந்தது. "இல்லடா கண்ணு, ஆன்ட்டிக்கு மஞ்ச கவுன்ல அடையாளம் தெரியல, யூனிபார்மத் தேடிக்கிட்டு வந்தேன்டா" என்று மண்டியிட்டுச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மறுபடி மறுபடி சொன்னேன். "சரி ஆன்ட்டி" என்றாள், என்னை அனுப்பிவைப்பதற்காகச் சொன்ன மாதிரி. அவளுடைய அம்மா, இனிமேல் தானே ஸ்கூட்டியில் விட்டுக்கொள்வதாகச் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை, பட்டறைக்கு நானும் போனேன். "நீ எதுக்கு?" என்றார் அவர். அவர் கூப்பிட்டிருந்த ஆட்டோவில் நானும் ஏறி உட்கார்ந்தேன்.

மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். தலையைக் கழற்றாமல், வேனிலேயே வைத்து ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை எடுத்து, புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றை உள்ளே ஏற்றலாம். சீக்கிரம் முடியும். ஆனால் அலுமினியத் தூள் உள்ளே விழுந்தால் இன்ஜினுக்குக் கேடு. இல்லையென்றால் தலையையே கழற்றி மேஜையில் வைத்துச் செய்யலாம். நாள் பிடிக்கும்.

"மரை வெட்டற டேப்ல கிரீஸ் தடவி எடுத்தா தூள் ஒட்டிக்கும், உள்ள வுழாது. திங்கக்கெழம பரீட்ச இருக்கு" என்றார் என் கணவர்.

"ஹெட்டக் கழட்டுங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் பட்டறையில் நின்று இப்படிச் செய்யுங்கள் என்று நான் சொன்னது கிடையாது. மெக்கானிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா சொல்றதுதான் சரி" என்று ஸ்பேனரை எடுத்தார்.

கழற்றவே மதியமாகிவிட்டது. மேஜைமேல் வைத்த பிறகு அந்தத் தலையை முதல் தடவையாகப் பார்த்தேன். கருப்புப் படிந்த மூன்று குழிகள், குழிக்கு ஒரு ஓட்டை. இரண்டு ஓட்டைகளில் மரை வரிவரியாக இருந்தது. மூன்றாவது வழுவழுவென்று, எலி கடித்த விளிம்போடு இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் அலுமினியம் சாம்பல் கலரில் ஒட்டியது.

மெக்கானிக் ஓட்டையைத் துளைத்துச் சீராக்கினார். அடுத்து டேப் பிடிக்க வேண்டும். டேப் என்றால் மரை வெட்டுகிற கூரான திருகு. அதை நேராக நிறுத்தவேண்டும், மயிரிழை சாய்ந்தாலும் புது மரையும் கோணிவிடும். அவர் குனியும்போது முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து ஒரு நிமிடம் நின்றார்.

என் கணவர் முன்னால் வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நான் புடிக்கறேன். இது நான் பண்ற வேலதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கம்பெனியில் அவர் செய்ததே இந்த வேலைதான்.

"நீங்க வேணாம்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மெக்கானிக் காதில் விழுந்தது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தைய நாள் மரை கழண்ட பயல் என்று அவர் திட்டியது யாரை என்பது அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் மாறிப்போனது. "இருக்கட்டும்ணே, நானே பாத்துக்கறேன்" என்று குனிந்துகொண்டார். என் கணவர் வெளியே போய் அந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். அவர் தோள் குறுகியிருந்ததைப் பார்த்தேன். ஆனாலும் கூப்பிடவில்லை.

டேப்பை அரைச் சுற்று முன்னால் திருப்பி, கால் சுற்றுப் பின்னால் திருப்பி, ஆயில் விட்டு, தூளைத் துடைத்து, மறுபடி அரைச் சுற்று. அலுமினியம் வெள்ளி நூல் மாதிரி சுருண்டு வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார். வெளியேயும் உள்ளேயும் மரை உள்ள அந்த இரும்புப் புஷ்ஷில் பசை தடவி உள்ளே ஏற்றி, ஓரத்தைத் தட்டி அமுக்கினார். பசை இறுகக் காத்திருந்தோம். தலையைத் திரும்ப ஏற்றும்போது சாயங்காலமாகிவிட்டது. கடைசியாகப் புதுப் பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் சொருகி, அந்தக் குழாயைப் பிடித்தே திருகினார். "ஸ்பேனர எடுத்த எடுப்புல போடக்கூடாதுக்கா. கோணயா பூந்தா ரப்பரு வழுக்கும், மரையக் கடிக்காது."

"அது எனக்கும் தெரியும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் எப்போது எழுந்து வந்து நின்றார் என்று தெரியாது. "அன்னிக்கு அவசரத்துல ஸ்பேனரயே போட்டுட்டேன்."

வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. சத்தம் சீராக இருந்தது. சீட்டைத் திரும்ப மாட்டும்போது, தகட்டுக் குழியைத் தட்டி எடுக்கட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். வேண்டாம் என்றேன். அதன்மேல் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். மூலக்குளம் வரும்வரை இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொன்னேன். "ஒவ்வொரு வீட்டுக்கும் போவணும். நீங்கதான் சொல்லணும்."

"சொன்னா ஒருத்தரும் அனுப்பமாட்டாங்க."

"அனுப்பாம போவட்டும்."

போனோம். நான் கேட்டருகில் நின்றுகொண்டேன். அவர் உள்ளே போய்ச் சொன்னார். முதல் வீட்டில் வார்த்தை சிக்கிச் சிக்கி வந்தது. பிளக் மரை போனது தெரியும், மறைத்து ஓட்டினேன், இப்போது சரி செய்தாகிவிட்டது, இனி அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு வீட்டில் பிள்ளையின் பெரியப்பா சட்டையைப் பிடிக்க வந்தார். ஒரு வீட்டில் அந்த அம்மா அழுதுவிட்டாள். இன்னொரு வீட்டில் பிள்ளையின் அப்பா, போனைப் பார்த்துக்கொண்டே, "சரி வுடுங்க, இப்ப சரியாய்டுச்சில்ல? நாளைக்கு வழக்கமான டைம்தான?" என்றார். திட்டியவர்களைவிட அவர்தான் என்னை அதிகம் திகைக்கவைத்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவர் பிள்ளை என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருகிறவன்.

அந்தப் பெண்ணின் வீட்டில் மட்டும் நானும் உள்ளே போனேன். அவர் சொல்லி முடித்ததும் குழந்தையின் அம்மா அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "வெள்ளிக்கெழம வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

"தெரியும்" என்றேன். "வாய் வரல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மீதியோடு பரீட்சை முடிகிறவரை ஓட்டினோம். வீட்டில் நானும் அவரும் சோறு, தண்ணீர், சாவி என்பதைத் தாண்டி அதிகம் பேசவில்லை. மாத்திரையை நானே வாங்கி, நானே வைத்துக்கொண்டேன். அவர் பட்டறைக்காரர்களிடம் தானாகவே போய் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினார் என்று வழக்கமான மெக்கானிக் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "அண்ணன் வந்து, நான்தான் மரையக் கெடுத்தேன், மத்த ரெண்டயும் ஒரு தடவ பாருன்னாரும்மா. இவ்ளோ வருசத்துல அவரு வாயால இப்டி கேட்டதே இல்ல" என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து சில நாள் கழித்து, அந்தக் குழந்தையின் அம்மா போன் செய்தாள். கடையில் நேரம் மாற்றிவிட்டார்கள், காலையில் விடமுடியவில்லை. "அவளக் கேட்டேன். ஆன்ட்டி பக்கத்துல உக்காரணுமாம்" என்றாள். முன் சீட்டில் பிள்ளைகளை உட்காரவைப்பதில்லை. அதனால் இப்போது நான் பின்னால் அவளோடு உட்காருகிறேன். முன் சீட்டு காலியாகப் போகிறது. இப்போதும் அவள் அதிகம் பேசுவதில்லை. சிக்னலில் ஏதாவது லாரி டயர் வெடித்த மாதிரி சத்தம் போட்டால் அவள் கை என் கையைத் தேடும். என் கையும் அதே நேரத்தில் அவளுடையதைத் தேடும். இரண்டும் ஈரமாக இருக்கும்.

போன வாரம் சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். நான் உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"இங்க வா. மூணாவது பிளக் பக்கம் ஆயில் கசியற மாதிரி தெரியுது. நீயே பாரு" என்று கூப்பிட்டார்.

போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில்தான். அப்போதே பட்டறைக்குக் கொண்டுபோனோம். இன்ஜின் மேல் மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் கேஸ்கட் தேய்ந்திருந்தது, பிளக்குக்கு ஒன்றும் இல்லை. மாற்றி முடிக்க நேரமாகும் என்பதால் வேனை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு பேரும் ரோட்டோரமாக நடந்து வீட்டுக்கு வந்தோம்.